கிராணிக்கு ஒரு புனிதர்

ஆண்டுதோறும் ஜூலைத் திங்களின் பிற்பகுதியில் புக்கிட் மெர்தாஜாம் குன்றின் அடிவாரத்தில் அர்ச்சியசிஷ்ட அன்னம்மாள் திருநாள் நடைபெறுவதைப் பினாங்குத் தமிழர் அனைவரும் அறிவர். கத்தோலிக்கரல்லாதவரும் அறிவர், ஏனெனில், அங்குக் கூடுவோரில் கத்தோலிக்கர் இத்துணைப் பேர், சைவர் இத்துணைப் பேர், புத்த சமயச் சீனர் இத்துணைப் பேர் என்று பிரித்தறிதல் எளிதன்று. தேவமாதாவின் தாயாராகிய அன்னம்மாளுக்கு ஜூலை 26-ஆம் நாள் திருநாள். அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள். ஆளுயர மெழுகுதிரிகளைத் தோளிற் சுமந்து வருவோரும், வெறுங்காலோடு குன்றேறுவோரும், கைக்குழந்தையைச் சுரூபத்தின் முன் கிடத்தி வணங்குவோருமாக அவ்விடம் நிறைந்திருக்கும். அக்கோவில் வளாகத்திலேயே செரோக் தோக் குன் என்னும் பாறையொன்று உண்டு. 1845-இல் ஜேம்ஸ் லோ என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கண்டெழுதிய பழங்கல்வெட்டு அதில் உள்ளது; எழுத்தோ தென்னிந்திய வழி வந்தது. அந்தப் பாறையை ஏறிட்டும் பாராமல் மெழுகுதிரிக் கடைக்கு விரையும் தமிழர் பலரை நான் கண்டதுண்டு. அது கிடக்கட்டும்.

இத்துணை மக்களும் அன்னம்மாளிடம் கேட்பது என்ன? பரீட்சையில் தேற வேண்டும். மகளுக்கு வரன் அமைய வேண்டும். சிங்கப்பூரில் வேலை கிடைக்க வேண்டும். நோய் தீர வேண்டும். இவற்றைக் கேட்பது பிழையென்று நான் கூற வரவில்லை. கேட்பதற்கு வேறிடம் இல்லாதவன் எங்கே போவான்? ஆயினும், தோட்டத்து ஆபீஸில் கிராணி வேலை பார்ப்பவனாகிய எனக்கு இக்கூட்டத்தைக் காணுந்தோறும் ஒரு நினைவு எழுந்து சிரிப்பு வரும். என் வேலையிற் பாதி, மனுக்களை மேலே அனுப்புவது. வீட்டுக் கூரை ஒழுகுகிறது, லீவு வேண்டும், முன்பணம் வேண்டும் என்று ஆட்கள் சொல்வதைத் தாளில் எழுதி மானேஜர் மேசைக்குச் சேர்ப்பிக்கிறேன். கொஞ்சம் சிபாரிசும் சேர்த்து எழுதினால் நல்ல கிராணி. இல்லாவிட்டால் பொல்லாத கிராணி. நாமோ புனிதர்களையும் மோட்சத்துக் கிராணிகளாக்கி விட்டோம்! அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று கேட்பாரில்லை; மனு மேலே போயிற்றா என்பதே கேள்வி.

கத்தோலிக்கரல்லாத நேயர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். புனிதர் என்போர் எங்கட்குத் தெய்வங்களல்லர். நம்மைப் போற் பிறந்து, உண்டு, உழைத்து, அஞ்சி, அச்சத்தை வென்று மறைந்த மனிதர். திருச்சபை அவர்கள் வாழ்க்கையை ஆண்டுக்கணக்காய் விசாரித்து, இவர் பின்பற்றத் தக்கவர் என்று பெயர் பதிகின்றது. பின்பற்றுதற்குரியவரைச் சுற்றி வேலி கட்டி விளக்கேற்றுவதோடு நின்றுவிடுதல் நம் வழக்கமாகிவிட்டது. திருவிதாங்கூரில் ஒருவரைச் சுட்டுக் கொன்றதைக் காட்டிலும், கொல்லப்பட்டவரை மாலைகளால் மூடிவிடுதல் எளிதாக இருக்கிறது. அம்மனிதரைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

நான் ஜோர்ஜ் டவுனிற் பிறந்தவன். ஆங்கில வழியிற் பயின்றவன். என் பாட்டி செபங்களைத் தமிழிற் சொல்வார். நான் ஆங்கிலத்திற் சொல்வேன். ஒரே செபமாலையை இருவரும் இரண்டு மொழியில் உருட்டினோம். எனவே நான் சிறு வயதில் அறிந்த புனிதர்களும் ஆங்கிலப் புத்தகத்துப் புனிதர்களே. உரோமையில் கொள்ளை நோயுற்றோரைத் தூக்கிச் சுமந்து, தாமும் நோயுற்று 1591-இல் இருபத்துமூன்றாம் வயதில் மாண்ட ஞானப்பிரகாசியார் ஒருவர். பிரான்சு நாட்டில் கன்னியர் மடத்துச் சுவருக்குள் வாழ்ந்து 1897-இல் இருபத்துநான்காம் வயதில் மறைந்த குழந்தை தெரேசம்மாள் மற்றொருவர். இருவரும் இளையோர், இருவரும் எனக்கு இனியோர். ஆனால் ஒருவர் பிரபுவின் பிள்ளை, துறவி. மற்றவர் மடத்துக் கன்னி. ஆகவே, புனிதராவதென்றால் முதலில் வெள்ளைக்காரராதல் வேண்டும், அடுத்து அங்கி தரித்தல் வேண்டும் என்ற எண்ணம் என் சிறுமனத்தில் ஒருவரும் சொல்லாமலே படிந்தது. நம் வாலிபர் பலரிடம் அவ்வெண்ணம் இன்றும் இருக்கின்றது.

வெள்ளைக்காரராதல் வேண்டும் என்பதைப் பொய்யாக்கப் பினாங்கே போதும். 1665-இல் அயோத்தியா நகரில் தொடங்கி, யுத்தத்தாலும் கலகத்தாலும் இடம் விட்டு இடம் பெயர்ந்து, சிறிது காலம் புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினத்திலும் இருந்து, 1808-இல் இத்தீவை வந்தடைந்த குருமடம் ஒன்று உண்டு. காலேஜ் ஜெனரல் என்பது அதன் பெயர். 1984-இல் தஞ்சோங் பூங்கா பக்கம் இடம் மாறும் வரையில் அது புலாவ் தீக்குஸில் இருந்தது. இன்று கர்னி டிரைவில் அங்காடி மாளிகைகளும் உணவுக் கடைகளும் நிறைந்த கடற்கரைக்கு அடுத்த பகுதி அது. சீனம், சீயம், வியட்நாம் முதலிய நாடுகளினின்று கப்பலேறி வந்த சிறுவர்கள் அங்கு இலத்தீன் கற்றனர். ஒருவர் தாய்மொழி மற்றவருக்குத் தெரியாது, இலத்தீனே பொதுமொழி.

அங்கு வந்தவருள் பிலிப்பு மின் என்பவர் ஒருவர். வியட்நாமில் 1815-இற் பிறந்தவர். இத்தீவிற் கற்றுத் தம் நாடு சென்று குருவாய்த் தொண்டாற்றி, 1853 ஜூலை 3-ஆம் நாள் தலை வெட்டுண்டு மாண்டார். பேதுரு குய் என்பவர் மற்றொருவர். பினாங்கிற் படித்துத் திரும்பி, குருப்பட்டம் பெற்று ஓராண்டு நிறையுமுன் 1859 ஜூலை 31-இல் வேதசாட்சியானார். இவ்விருவரும் 1988 ஜூன் 19-இல் உரோமையில் புனிதரெனப் பறைசாற்றப் பெற்ற 117 வியட்நாம் வேதசாட்சிகளைச் சேர்ந்தவர்கள். நாம் சனிக்கிழமை மாலையில் காற்று வாங்கப் போகும் கரையில் இவர்களும் காற்று வாங்கியிருப்பார்கள்!

அதே குருமடத்தில் ஆசிரியராயிருந்த பிரெஞ்சுக்காரர் இருவரையும் சொல்ல வேண்டும். இம்பேர் என்பவர் 1821-இல் இங்குச் சிறிது காலம் கற்பித்தார். சஸ்தான் என்பவர் சில ஆண்டுகள் கழித்துக் கற்பித்தார். இருவரும் பின்னர்க் கொரியா சேர்ந்தனர். அங்கு அக்காலத்தில் அந்நியர் கால் வைத்தலே குற்றம். மறை போதித்தல் மரண தண்டனைக்குரிய குற்றம். இம்பேர் மேற்றிராணியாரைத் தேடி வீடு வீடாய்க் கிறிஸ்தவர்களைப் பிடித்து வதைக்கலாயினர். தம் மறைவிடத்தைக் காப்பதற்காக எளியவர்கள் சாவது தகாதென்று அவர் தாமே சரணடைந்தார். மற்ற இரு குருமாரும் சரணடைய வேண்டுமென்று எழுதியனுப்பினார். அவர்களும் வந்தனர். 1839 செப்டம்பர் 21-இல் மூவரும் தலை வெட்டுண்டனர். 1984-இல் சியோல் நகரில் புனிதர்களாயினர். மேலிருப்பவன் தன் பொறுப்பைக் கீழிருப்பவன் தலையில் இறக்கிவிட்டு ஒளிந்துகொள்வதே உலக வழக்கமாயிருக்க, இம்பேர் செய்தது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆபீஸில் வேலை செய்பவருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்துணையும் நம் வீட்டு வாசலில் நடந்த சரித்திரம். ஆயினும் நம் இளைஞரைக் கேட்டால் பெரும்பாலோர்க்குத் தெரியாது. தெரிந்தவரும், "அவர்கள் சாமியார்கள், நாங்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவர்கள், எங்கட்கும் அவர்கட்கும் என்ன?" என்கின்றனர். கேள்வி நியாயமானதே.

இக்கேள்விக்கு விடையாகவே இப்போது கார்லோ அக்குத்திஸ் என்னும் இத்தாலியச் சிறுவனின் படம் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளிற் காணப்படுகிறது. 1991-இற் பிறந்து, 2006-இல் இரத்தப் புற்றுநோயால் பதினைந்து வயதில் இறந்தவர். 2025 செப்டம்பர் 7-இல் பாப்பரசர் பதினான்காம் சிங்கராயரால் புனிதராக உயர்த்தப்பட்டார். காற்சட்டையும் விளையாட்டுச் சப்பாத்தும் அணிந்தபடி அவர் உடல் அசிசி நகரில் வைக்கப்பட்டிருக்கிறது. கணினியில் வல்லவர், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து வலைத்தளம் அமைத்தவர். இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியனவே. ஆனால் கணினியைக் கையாண்டதால் அவர் புனிதரானார் என்பதுபோல் நம் இளைஞர் கூட்டங்களிற் பேசப்படுவது எனக்கு உடன்பாடன்று. சைக்கிள் வைத்திருந்ததால் ஒருவர் தபாற்காரரானார் என்பது போன்ற வாதம் அது. கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தாரா என்பதன்றோ கேள்வி!

அதே நாளிற் புனிதராக்கப்பட்ட பியேர் ஜோர்ஜியோ பிரசாத்தி என்பவரை நம்மவர் அவ்வளவாய்ப் பேசுவதில்லை. தூரின் நகரத்துப் பெரும் பத்திரிகை முதலாளியின் மகன். மலையேறுவார், சிரிப்பார், நண்பர்களோடு கூத்தடிப்பார். 1925-இல் இருபத்துநான்கு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் மாண்டார். சவ அடக்கத்தன்று அந்நகரத்து ஏழைகள் திரண்டு வந்து தெருவை நிறைத்தபோதுதான், தம் பிள்ளை எத்தனை குடிசைகளுக்குள் நுழைந்து வந்திருக்கிறான் என்பது பெற்றோருக்கே விளங்கிற்று. இப்படிப்பட்டவரின் படம் கைப்பேசியில் ஒட்டுவதற்கு அவ்வளவு வசதியாயிராது போலும்.

இனி, முன்பு சொன்ன மனிதருக்கு வருகிறேன்.

நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே நட்டாலம் என்னும் ஊரில் 1712-இல் நீலகண்டன் என்பவர் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் பத்மநாபபுரத்து அரண்மனையில் அலுவலரானார். படையெடுத்தவரல்லர், துறவு பூண்டவரல்லர், மணமானவர். காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பியவர். சுருங்கச் சொன்னால், அக்காலத்து ஆபீஸ் உத்தியோகஸ்தர். 1741-இல் குளச்சற் போரில் டச்சுக்காரரைத் திருவிதாங்கூர்ப் படை வென்றது. அப்போது பிடிபட்டவருள் டிலனாய் என்னும் கத்தோலிக்கர் ஒருவர். மன்னர் அவரைக் கொல்லாது தம் படையைப் பயிற்றும் பணியில் அமர்த்தினார். அலுவல் நிமித்தமாக நீலகண்டனும் டிலனாயும் பழகலாயினர். குடும்பத்திற் பொருளிழப்பும் துன்பமும் நேர்ந்து நீலகண்டன் மனமுடைந்திருந்த வேளையில், டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னாராம். ஆடுமாடுகளையும் மக்களையும் உடல் நலத்தையும் இழந்தும் கடவுளோடு வழக்காடுவதை நிறுத்தாத ஒருவனின் கதை அது. அங்கிருந்து தொடங்கிற்று. 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குரு ஒருவரிடம் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அப்போது அவர் வயது முப்பத்துமூன்று. மனைவியாரும் மறை தழுவி ஞானப்பூ என்னும் பெயர் பெற்றார்.

மதம் மாறியதோடு அவர் நின்றிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். அவர் தாழ்த்தப்பட்டோர் வீடுகளுக்குப் போனார். அவர்களோடு சமமாய்ப் பழகினார். எல்லோரும் ஒரே தந்தையின் மக்களென்று பேசினார். அக்காலத்துத் திருவிதாங்கூரில் இன்ன ஜாதியார் இன்ன ஜாதியாருக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டுமென்று அளவு வைத்திருந்தனர். அரண்மனை அலுவலரொருவர் அந்த அளவுகோலை முறித்தால் யார் பொறுப்பார்? 1749-இல் அவர் சிறைப்பட்டார். ஏறக்குறைய மூன்றாண்டு விலங்கு, அடி, ஊர் ஊராய் இழிவு. 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியிலுள்ள காற்றாடிமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாற்றுச் சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டது. தண்டனைக்கு அரசியற் காரணம் கூறும் சரித்திரக்காரரும் உண்டு. திருச்சபையோ விசாரித்து, விசுவாசத்துக்காகவே அவர் உயிர் துறந்தார் என்று தீர்மானித்தது. 2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15-இல் உரோமையில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதரானவர் இவரே முதல்வர்.

இதில் நம் சமூகம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 2012-இல் அவர் பெயர் தேவசகாயம் பிள்ளை என்றே வழங்கிற்று. ஜாதியை உதறியதற்காகத் துன்புற்றவர் பெயரில் ஜாதியை ஒட்டிவைப்பது முறையோ என்று தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. உரோமைக்கு விண்ணப்பம் போயிற்று. புனிதர் பட்டம் வழங்கப்படுமுன் அந்த வால் அறுக்கப்பட்டது. பீடத்தில் ஏறும்போது அவர் வெறும் தேவசகாயம். இறந்து 260 ஆண்டுக்கு மேலான பின்னும் ஒருவர் தம் ஜாதியினின்று விடுபட மனுப் போட வேண்டியிருந்தது பாருங்கள்! என் கிராணி உத்தியோகத்தில் நான் அறிந்த மனுக்களிலெல்லாம் இதுவே எனக்குப் பிடித்த மனு.

அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தின் கதை இதினும் கசப்பானது. அவர் திருமுழுக்குப் பெற்று 127 ஆண்டுகளுக்குப் பின், 1872-இல், அவ்வூரில் இரு கவையாய்ப் பிரிந்த ஒரு கோவில் எழுந்தது. காற்சட்டையின் இரு கால்கள் போல் இரண்டு கூடம், நடுவிற் சுவர், ஒரு கூடத்தில் ஒரு ஜாதியார், மறு கூடத்தில் மறு ஜாதியார், இரு கூட்டமும் ஒருவர் முகம் ஒருவர் காணாமல் ஒரே பீடத்தை நோக்கித் தொழ வேண்டிய ஏற்பாடு. 1910-இல் குருவானவர் அச்சுவரை இடித்தெறிந்தார். சுவர் வேண்டுமென்றவர்கள் நீதிமன்றம் ஏறித் தோற்றனர். தேவசகாயத்தை ஈன்ற திருமுழுக்குத் தொட்டியின் ஊரிலேயே இது நடந்ததென்றால், மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்வானேன்!

கடல் கடந்த நாம் யோக்கியரோ? தோட்டங்களில் ஜாதி பார்த்து லயம் ஒதுக்கிய காலம் இந்நாட்டில் இருந்தது. அக்காலம் போயிற்று, லயங்களும் பெரும்பாலும் போயின. ஆனால் பெண் பேசப் போகையில் ஞானஸ்நானப் பத்திரத்தைக் கேட்குமுன் வேறொன்றை மெல்ல விசாரிக்கும் குடும்பங்கள் நம் கோவில்களில் இல்லையென்று எவரேனும் மார்பில் கைவைத்துக் கூறக்கூடுமா? தேவசகாயத்தின் படத்துக்கு மாலை சாத்திய கையாலேயே அந்த விசாரணைக் கடிதமும் எழுதப்படுகிறது. வாலிபர் கோவிலை விட்டு விலகுகின்றனர் என்று வருந்தும் பெரியோர், வாலிபருக்குக் கண் இருக்கிறது என்பதை நினைத்தல் நலம்.

பினாங்கு ரோட்டிலுள்ள சவேரியார் கோவிலில் தமிழ்ப் பூசைக்கு வரும் இளைஞன் ஒருவன். வயது இருபத்திரண்டு இருக்கும். பெருநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நிறுவைக் கணக்கு எழுதும் வேலை. பெயரும் தோட்டமும் இங்கு வேண்டாம். ஒரு ஞாயிறன்று பூசை முடிந்து, எதிர்த்தெருக் கடையில் தேநீர் அருந்துகையில் தன் மனப்பாரத்தை இறக்கினான். வெட்டுக்காரர்கள் உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கிற் கொண்டுவருவர், நிறைக்கேற்பக் கூலி. ஒவ்வொரு சாக்குக்கும் இரண்டு கிலோவைக் குறைத்து எழுது என்று அவனுக்கு மேலுள்ளவர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். காகிதத்தில் உத்தரவு இல்லை. மண், கல், ஈரம் என்று காரணம். மண்ணும் கல்லும் இல்லாத சாக்குக்கும் அதே இரண்டு கிலோ. ஆட்களோ வங்காளதேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர். நம் பாட்டன்மார் பால் வாளியோடு நின்ற இடத்தில் இன்று நிற்பவர்கள் அவர்கள். பாட்டன்மாருடைய பாலையும் எவனோ ஒருவன் குறைத்துத்தான் எழுதியிருப்பான்.

"அண்ணே, இரண்டு கிலோதானே என்று மனம் சொல்கிறது. ஆனால் பென்சிலை எடுத்தால் கை கூசுகிறது" என்றான்.

நான் அவனுக்குத் தேவசகாயத்தின் வரலாற்றைச் சொன்னேன். பீடத்துப் புனிதராக அல்ல. மேலிடத்துக்கு அடங்கி நடக்க வேண்டிய உத்தியோகத்திலிருந்து கொண்டு, ஓரிடத்தில் அடங்க மறுத்த ஒரு மனிதராக. அவன் அமைதியாகக் கேட்டான். பிறகு சொன்னான்:

"அவருக்கு ஒரு டிலனாய் இருந்தார், அண்ணே. எனக்கு யார் இருக்கிறார்கள்?"

இக்கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. புனிதர்களைப் பற்றி இத்தனை புத்தகம் படித்தும், புனிதருக்குப் பக்கத்தில் நின்றவனை நான் எண்ணிப் பார்த்ததில்லை. டிலனாய் புனிதரல்லர். கூலிப்படையாய் வந்து, தோற்று, கைதியாகி, வென்றவனிடமே சேவகம் செய்த சிப்பாய். 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். அவர் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துக்கள் உள்ளன. அவருக்கு எவரும் மெழுகுதிரி ஏற்றுவதில்லை. அவர் செய்ததெல்லாம், கூட வேலை பார்த்த ஒருவன் முகம் வாடியிருந்ததைக் கண்டு, அருகிலமர்ந்து, தமக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னதே. அந்தச் சிறு செய்கை இல்லையேல் நமக்குத் தேவசகாயம் இல்லை. இளைஞர் கூட்டம், இளைஞர் முகாம், இளைஞர் மாநாடு என்று நாம் வைப்பவற்றில் பாட்டும் விளையாட்டும் பேச்சும் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் அவ்விளைஞனுக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் அவற்றிலிருந்து கிளம்புகிறானா என்பதே நான் கேட்பது.

அன்று மாலை அவனோடு அமர்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு சாக்குக்கு இரண்டு கிலோவென்றால் ஓர் ஆளுக்கு ஒரு மாதத்தில் எவ்வளவு, இருபது ஆளுக்கு எவ்வளவு என்று எழுதிக் கூட்டினோம். எழுதியபின் அது சிறு தொகையாகத் தோன்றவில்லை. மறுவாரம் முதல் அவன் தராசு காட்டியதை அப்படியே எழுதினான். ஒவ்வோர் ஆளுக்கும் நிறையைக் குறித்து ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தான். சண்டையில்லை, கூச்சலில்லை. மேலிருந்தவரும் ஒன்றும் பேசவில்லை; வாயாற் சொன்ன உத்தரவைத் திரும்பவும் வாயாற் சொல்ல அவருக்குத் துணிவில்லை போலும். நாலு மாதங் கழித்து அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. அது புதுப்பிக்கப்படவில்லை.

அவன் தாயார் கைம்பெண். அடுத்த ஞாயிறு கோவில் முற்றத்தில் என்னை நிறுத்தி, "தம்பி, நீங்கள் மாதச் சம்பளக்காரர். சாமி கதை சொல்வது உங்களுக்குச் சுலபம். என் பிள்ளையின் சோறு போயிற்றே" என்றார். பலர் முன்னிலையிற் சொன்னார். மறுமொழி கூற எனக்கு வாய் எழவில்லை. இன்றும் அதற்கு முழு மறுமொழி என்னிடம் இல்லை. தேவசகாயத்தின் மனைவியாரும் சோற்றை இழந்தவரே. வீட்டை விட்டு அகன்று வேற்றூரில் வாழ்ந்தவரே. அவரைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. புனிதரைப் பின்பற்றுவது என்பது பின்பற்றுகிறவனுக்கு மட்டும் வரும் செலவன்று. வீட்டாருக்கும் அதில் பங்கு விழுகிறது. அதை மறைத்து வாலிபருக்குப் பிரசங்கம் செய்வது, நிறையைக் குறைத்து எழுதுவதற்கு ஒப்பானதே. அதனாற்றான் அந்த அம்மையாரின் சொல்லையும் இக்கட்டுரையிற் பதிந்தேன்.

ஆயினும் ஒன்று நடந்தது. கோவிலில் அவனொத்த இளைஞர் நால்வர், இதுகாறும் கிட்டார் வாசிப்பதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாதவர் என்று பெரியோரால் ஏசப்பட்டவர்கள், செய்தியைக் கேள்விப்பட்டனர். ஒருவன் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை அவன் வீட்டு வாடகைக்குக் கொடுத்தான். இன்னொருவன் தான் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆள் எடுப்பதை அறிந்து விண்ணப்பம் வாங்கிவந்தான். மூன்றாமவன் மோட்டார் சைக்கிளில் நேர்காணலுக்கு ஏற்றிச் சென்றான். நாலாமவன் என்ன செய்தானென்று எனக்குத் தெரியாது. அவனும் கூடவே திரிந்தான். இரண்டு மாதத்தில் வேலை கிடைத்தது. இயந்திரத்தின் முன் பன்னிரண்டு மணி நேரம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு.

ஜனவரி 14 தேவசகாயத்தின் திருநாள். பொங்கலும் அதையொட்டியே வருகிறது. அன்று மாலை இவ்விளைஞர்களே ஏற்பாடு செய்து சிறு செபக்கூட்டம் ஒன்று வைத்தனர். சுரூபம் இல்லை, தாளில் அச்சிட்ட படமொன்றைச் சுவரில் ஒட்டியிருந்தனர். பதினைந்து பேர் இருந்திருப்போம். யோபுவின் ஆகமத்திலிருந்து ஒரு பகுதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்தனர். தமிழ் வாசித்தவன் இரண்டிடத்தில் தடுமாறினான். பழைய தோட்டத்து வெட்டுக்காரர் ஒருவர், வங்காளதேசத்து முஸ்லிம், இவனைத் தேடி அன்று பெரி ஏறி வந்திருந்தார். செபம் முடியும்வரை வெளியில் நின்று, பின் உள்ளே வந்து எல்லோரோடும் தேநீர் அருந்தினார். சட்டைப் பையிலிருந்து பழைய துண்டுச் சீட்டொன்றை எடுத்துக் காட்டிச் சிரித்தார். அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இளைஞனுக்கு அவ்வாரம் இரவு ஷிப்டு. தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஆறரை மணிக்கே ஓடிவிட்டான். அவன் தாயார் பின்வரிசையில் அமர்ந்திருந்ததை நான் அப்போதுதான் கண்டேன். எல்லோரும் கலைந்தபின் என்னிடம் வந்தார். சர்க்கரைப் பொங்கல் இருந்த ஒரு தூக்குச் சட்டியை என் கையிற் கொடுத்து, "அடுத்த ஞாயிறு சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.